பேஸ்மென்ற் 'பினிஷிங்': தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ரொறன்ரோவில் புதிதாக வீடு வாங்கும் நம்மவர்களுக்காக ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். கூரை, தண்ணீர்க் குழாய், மின்சாரம் எல்லாம் ஒருமாதிரி ஓடிவிட்டன. வீட்டின் நிலமட்டத்துக்குக் கீழே இருக்கும் தளமான பேஸ்மென்ற் அத்தியாயத்தில் வந்து நிற்கிறது. இங்கே எல்லாரும் "பேஸ்மென்ற் பினிஷ் பண்ணியாச்சோ?" என்று கேட்கிறார்களே, அந்தப் 'பினிஷ்' என்பதற்குச் சொல் வேண்டும். போன கிழமை நான் கேட்டதற்கு வந்த பதில்களிலிருந்தே தொடங்குகிறேன்.

> 'அடித்தள நிறைவு' என்றால் போதாதா? இதற்கு ஏன் இவ்வளவு யோசனை?

போதாது ஐயா. பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே பனிக்காலத்தில் நிலம் உறையும். ஈரமண் உறைந்தால் பொருமி, மேலே இருப்பதைத் தூக்கும். அதனால் அத்திவாரத்தை உறையும் ஆழத்துக்குக் கீழே கொண்டுபோக வேண்டும். ரொறன்ரோப் பக்கத்தில் அது ஏறத்தாழ 1.2 மீட்டர். அவ்வளவு தோண்டுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் தோண்டினால் முழுத் தளம் ஒன்று கிடைத்துவிடும், தோண்டுகிறார்கள். ஆனால் வீடு கைக்கு வரும்போது பெரும்பாலும் அங்கே இருப்பது சீமெந்துச் சுவர், சீமெந்து நிலம், தலைக்கு மேல் மர உத்தரங்கள், ஒரு மூலையில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் சுடுநீர்த் தொட்டியும், உயரத்தில் கைக்குட்டை அளவில் ஒரு யன்னல். அதை ஆட்கள் இருக்கிற இடமாக மாற்றுவதற்குத்தான் பெயர் தேடுகிறோம்.

'நிறைவு', 'முடிப்பு' என்ற சொற்கள் கடைசி நாள் வேலையைச் சொல்கின்றன: பெயின்ற் அடிப்பது, தரைக்குப் பலகை போடுவது. உண்மையான வேலை ட்றைவோல் என்ற உட்சுவர்ப் பலகைக்குப் பின்னால் மறைந்து கிடக்கிறது. முதலில் தண்ணீர். வெளியே மண் வீட்டை நோக்கிச் சரிகிறதா, கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, சுவரில் வெடிப்பு உண்டா என்று பார்க்காமல் ஒரு மரச்சட்டமும் நிறுத்தக் கூடாது. 2013 யூலை 8 அன்று பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீட்டர் மழை பெய்தது. நகரத்தில் எத்தனையோ பேஸ்மென்றுகளுக்குள் தண்ணீர் வந்தது. வெறும் சீமெந்தாக விட்டிருந்தவர்கள் இறைத்துக் காயவிட்டார்கள். அழகாக முடித்து வைத்திருந்தவர்கள் சுவரைக் கிழித்துக் கொட்ட வேண்டியிருந்தது.

அடுத்தது ஈரம். வீட்டுக்குள் இருக்கும் சூடான காற்று குளிர்ந்த சீமெந்தைத் தொட்டால் வியர்க்கும். அந்த ஈரம் சுவருக்குள் மாட்டிக்கொண்டால் பூஞ்சணம்தான். அதற்காகவே சீமெந்தோடு ஒட்டி நுரைப்பலகை, அதற்கு முன்னால் மரச்சட்டம், சட்டங்களுக்கு இடையில் வெப்பக்காப்பு என்று அடுக்குகிறார்கள். பிறகு மண்ணிலிருந்து கசிந்து வரும் ரேடான் என்ற கதிரியக்க வாயு. கனடாவின் வழிகாட்டு அளவு கன மீட்டருக்கு 200 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு). கருவியைக் குறைந்தது 3 மாதம், அதுவும் யன்னல் பூட்டிக்கிடக்கும் குளிர்காலத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். படுக்கையறை வைத்தால், நெருப்பு வந்தால் ஆள் வெளியே போகும்படி யன்னல் வேண்டும்: ஒன்ராறியோ மாகாண விதிப்படி திறப்பு 0.35 சதுர மீட்டர், எந்தப் பக்கமும் 380 மில்லிமீட்டருக்குக் குறையாமல். இத்தனையையும் 'நிறைவு' என்று எழுதினால், பெயின்ற்காரனை மட்டும் கூப்பிட்டால் போதும் என்றுதான் வாசிக்கிறவர் நினைப்பார்.

> 'நிலவறை' என்று நல்ல பழஞ்சொல் இருக்கிறதே.

இருக்கிறது, எனக்கும் பிடிக்கும். ஆனால் அதைக் கேட்டவுடன் பொன்னும் நெல்லும் ஒளித்து வைத்த இருட்டறைதான் மனதில் வருகிறது. வரவேற்பறை, குளியலறை, இரண்டு படுக்கையறை கொண்ட முழுத் தளத்தை 'அறை' என்பதும் பொருந்தவில்லை. ஈழத்தில் 'நிலக்கீழ் நீர்' என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். அந்த வழியில் 'நிலக்கீழ்த் தளம்' என்று வைக்கிறேன்.

மற்றப் பரிந்துரைகள்: 'இல்லாக்கம்' என்பதை இல்லாமல் ஆக்குவது என்றுதான் வாசிப்பார்கள். 'உறையுளாக்கம்' இலக்கணப்படி அருமை, ஆனால் தை மாதம் ஸ்காபரோவில் நின்று 'உறை' என்று சொல்லிப் பாருங்கள். 'கீழ்க்குடியாக்கம்' வேண்டவே வேண்டாம். அந்தச் சொல்லில் ஒட்டியிருக்கும் சாதி நாற்றம் போகாது. வந்த புதிதில் நம்மில் எத்தனையோ பேர் குடியிருந்த இடத்துக்கு அந்தப் பெயரை நான் எழுத மாட்டேன்.

என் முன்மொழிவு: பினிஷ் பண்ணாதது 'வெறுந்தளம்', பண்ணியது 'வாழ்தளம்', வேலை 'வாழ்தளமாக்கல்'. அடித்து நொறுக்குங்கள்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து

———

மறுமொழி:

வணக்கம் ஐயா. நான் கோவையில் கட்டட வேலை பார்ப்பவன், அதனால் இரண்டு எச்சரிக்கை.

ஒன்று, எங்கள் மேஸ்திரிகளிடம் 'பேஸ்மென்ட்' என்றால் தரைக்கு மேலே எழுப்பும் மேடை. 'பேஸ்மட்டம் வந்தாச்சு' என்றால் இனிமேல்தான் சுவர் எழும்ப வேண்டும் என்று பொருள். 'அடித்தளம்' என்று எழுதினாலும் எங்களுக்கு அஸ்திவாரமும் அந்த மேடையும்தான் தோன்றும். ஆகவே 'நிலக்கீழ்' என்ற முன்னொட்டைக் கைவிடாதீர்கள். நாங்கள் 'நிலத்தடி' என்போம், இருந்தாலும் இது புரியும்.

இரண்டு, உங்கள் ஊரில் 'சம்ப்' என்பது கசிந்து வரும் தண்ணீரைச் சேர்த்து மோட்டார் போட்டு வெளியேற்றும் குழி என்று படித்தேன். இங்கே சம்ப் என்றால் வீட்டுக்குத் தண்ணீர் சேமிக்கும் தரைக்கீழ்த் தொட்டி. சென்னையிலிருந்து பேரனைப் பார்க்க வரும் தாத்தா கையேட்டைப் படித்துவிட்டு அதில் வாளியை விட்டுவிடப் போகிறார். 'கசிவுக்குழி' என்று எழுதிவிடுங்கள்.

'வாழ்தளம்' கொஞ்சம் மேடைப்பேச்சு மாதிரி இருக்கிறது. வீடு சிறிதானால் நாங்கள் "புழங்க இடம் பத்தலை" என்கிறோம். உங்கள் ஆட்கள் பேஸ்மென்ட்டைச் செய்வதும் அதற்குத்தானே? 'புழங்குதளம்' எப்படி?

———

மறுமொழி:

தம்பி, 'புழங்குதளம்' என்னுடையதை விட நல்லது, எடுத்துக்கொள்கிறேன். அம்மா தையல் மெஷின் வைப்பது, பிள்ளைகள் படிப்பது, விருந்துக்கு வந்தவர் படுப்பது எல்லாம் புழக்கம்தான். 'வாழ்' என்றால் யாரோ அங்கேயே குடியிருக்க வேண்டும் போல் ஒலிக்கிறது. கையேட்டுக்கு அந்த வேறுபாடு மிகவும் தேவை.

ஏனென்றால் இங்கே இரண்டு வேலையும் ஒன்றல்ல. ரொறன்ரோவில் உங்கள் சொந்தப் புழக்கத்துக்கு, கட்டமைப்பிலோ குழாய்களிலோ கைவைக்காமல், நிலக்கீழ்த் தளத்தைச் செய்துகொள்ளப் பொதுவாகக் கட்டட அனுமதி கேட்பதில்லை. அதையே தனிச் சமையலறையோடு வாடகை வீடாக்கினால் அனுமதி கட்டாயம். மேல்வீட்டுக்கும் அதற்கும் இடையில் நெருப்புத் தடுப்பும் வேண்டும். இரண்டாவது குடியிருப்புகளை நகராட்சிகள் அனுமதிக்க வேண்டும் என்று ஒன்ராறியோ 2011 இல் சட்டம் போட்டது உண்மை. அதற்காக யாரும் சொல்லாமல் கொள்ளாமல் ஆளை வைக்கலாம் என்று ஆகாது. நம்மவர் பலர் இந்த இரண்டையும் 'பினிஷ்' என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்பி, பிறகு காப்புறுதிக்காரரிடம் மாட்டிக்கொள்கிறார்கள்.

எனவே வாடகைக்கு விடும்படி பிரித்துக் கட்டுவதைத் 'துணைக்குடியிருப்பு' என்று தனியாக எழுதுகிறேன். 'தனிக்குடித்தனம்' என்று எழுதவும் ஆசைதான், மருமகள்மார் வேறு அர்த்தம் எடுப்பார்கள்.

இப்போதைக்குக் கையேட்டில் போவது: நிலக்கீழ்த் தளம், வெறுந்தளம், புழங்குதளம், புழங்குதளமாக்கல், துணைக்குடியிருப்பு, கசிவுக்குழி. ஈரக்காற்றுச் சுவருக்குள் போகாமல் மறிக்கும் பொலித்தீன் விரிப்புக்கு 'ஆவித்தடை' என்று வைத்திருக்கிறேன், மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

மிச்சம் ஒன்று. பழைய வீடுகளில் உயரம் போதாது. துணைக்குடியிருப்புக்கு 1.95 மீட்டர் வேண்டுமென்றால், அத்திவாரத்தின் அடியைத் துண்டு துண்டாகத் தோண்டி, ஒவ்வொரு துண்டுக்கும் கொங்கிறீற் நிரப்பி, அது இறுகிய பிறகே அடுத்ததைத் தோண்டுகிறார்கள். 'அண்டர்பின்னிங்' என்ற அந்த வேலைக்கு என்னிடம் 'அடித்தாங்கல்' மட்டும் இருக்கிறது. கோவையில் பழைய சுவருக்கு அடியில் முட்டுக்கொடுத்துக் கட்டும்போது மேஸ்திரிகள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள், அதைத் தனி இழையாக எடுத்துக்கொள்வோம்.