காலி வண்டி வழுக்கிய கதை: உங்கள் பிக்கப் எப்படி?

காலிகேன்:
இரண்டு வாரம் ஆகிறது. அந்தக் கடகட சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

என்னுடையது டபுள் கேப் (இரண்டு வரிசை சீட்) டீசல், பின்சக்கர இழுப்பு, பின்னால் லீஃப் ஸ்பிரிங், அதாவது அடுக்கிக் கட்டிய இரும்புப் பட்டைகள். இங்கே பாதிப் பேரிடம் இருப்பது மாதிரிதான், விளக்க ஒன்றுமில்லை. லோடு இறக்கிவிட்டு வெறும் பாடியோடு திரும்பிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தூறல் ஆரம்பித்திருந்தது. ரவுண்டானாவைச் சுற்றி முடித்து வெளியே வரும் இடத்தில், லோடு இருக்கும்போது மிதிக்கிற மாதிரியே ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டேன்.

பாடியில் ஒரு காலி பிளாஸ்டிக் கேன் கிடந்தது. அது ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு உருண்டு போய் பக்கத் தகரத்தில் மோதியது. 'ச்சே, கட்டாமல் விட்டுவிட்டோமே' என்றுதான் முதலில் தோன்றியது. நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடிக்கு முன்னால் ரோடு இல்லை, நான் கடந்து வந்த தடுப்புச் சுவர் தெரிகிறது. கேன் எங்கேயும் போகவில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கப் பார்த்திருக்கிறது, அதன் அடியில் என் வண்டிதான் சுழன்று போயிருக்கிறது.

யார் மேலும் இடிக்கவில்லை. பின்னால் வந்தவர் ஹாரன்கூட அடிக்கவில்லை, சும்மா பார்த்துக்கொண்டு நின்றார். உங்கள் வண்டிகளும் காலியாக இருக்கும்போது இப்படித்தானா? எந்த வண்டி, எந்த ஸ்பிரிங் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மண்லோடு:
வண்டியைக் குறை சொல்லாதீர்கள் நண்பரே, கால் செய்த வேலை அது. டீசல் என்ஜினுக்குக் கீழ் ஆர்பிஎம்மிலேயே இழுவை அதிகம். பின்சக்கரத்தின் மேல் எடையே இல்லாதபோது அந்த இழுவை எங்கே போகும்?

என் பயம் இதற்கு நேர் எதிர். சிங்கிள் கேப் வைத்திருக்கிறேன், நீளமான பாடி. ஒரு டன் வரை ஏற்றலாம் என்று போட்டிருக்கிறது. எப்போதும் மணல் ஒரே அளவுதான் ஏற்றுவேன், பக்கத் தகரத்தில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன், அதுவரை. அன்றும் அதே கோடு. ஆனால் குவியல் முந்தின இரவு மழையில் நனைந்திருந்தது. ஒரு கன மீட்டர் காய்ந்த மணல் சுமார் 1,600 கிலோ என்றால், நன்றாக ஈரம் ஏறியது 1,900, 2,000 கிலோவைத் தொட்டுவிடும். கோட்டுக்கு இதெல்லாம் தெரியாது அல்லவா?

இரவு. எதிரே வருகிறவன் ஒவ்வொருவனும் லைட்டை அடித்து அடித்து அணைக்கிறான். நானும் திட்டிக்கொண்டே வருகிறேன். அப்புறம்தான் கவனித்தேன், என் லைட் ரோட்டில் விழவே இல்லை. லோ பீமில் மரத்துக் கிளைகள் பளிச்சென்று தெரிகின்றன, ஒரு கிளையில் குருவிக்கூடு இருந்ததுகூடத் தெரிந்தது. மூக்கு அவ்வளவு மேலே தூக்கியிருக்கிறது. ஸ்டியரிங் ஒரு விரலில் சுற்றுகிறது. அந்தக் கூடுதான் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

தார்ப்பாய்:
என்னுடையது சின்னக் கதைதான். வீடு மாறும்போது மெத்தையைப் பாடியில் போட்டு ஒரே ஒரு கயிறு, நடுவில். மெத்தைதானே, எங்கே போகப்போகிறது என்ற நினைப்பு. பின்கதவு மூடாததால் திறந்தே விட்டிருந்தேன். வேகம் கொஞ்சம் ஏறியதும் உள்கண்ணாடியில் பார்த்தேன். மெத்தை எழுந்து நின்றது. படுத்திருந்தவர் யாரோ எழுந்து என்னை எட்டிப் பார்க்கிற மாதிரி, நேராக. ஒரு நொடி நின்றது, அப்புறம் இல்லை. பின்னால் வந்தது பைக்காக இருந்திருந்தால் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். கார்தான், நிறுத்திவிட்டார்.

காலிகேன் சொன்ன மாதிரி வழுக்கியதும் உண்டு. ஆனால் எனக்கு மெத்தைதான்.

பழையபட்டை:
காலிகேன் தம்பி, நான் பிக்கப் ஓட்ட ஆரம்பித்து இது நான்காவது வண்டி. என் கதையை அப்புறம் சொல்கிறேன், முதலில் நீங்கள் செய்ய வேண்டியது.

டயர் காற்றைப் பாருங்கள். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பல பிக்கப்புகளில் பின் டயருக்குக் காலி வண்டிக்கு ஓர் அளவு, லோடுக்கு வேறு அளவு என்று போட்டிருப்பார்கள். லோடுக்கு ஏற்றிய காற்றோடு காலியாக ஓட்டினால் டயர் கல் மாதிரி இருக்கும், ரோட்டைத் தொடும் பரப்பு சுருங்கிவிடும். நூற்றில் தொண்ணூறு பேர் ஒரே காற்றில்தான் வருடம் முழுக்க ஓடுகிறார்கள்.

இரண்டாவது, மணல் மூட்டை. இரண்டோ மூன்றோ போதும். ஆனால் எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் விஷயம். பின்கதவை ஒட்டிப் போடுகிறார்கள், அது தப்பு. பின் அச்சுக்கு நேர் மேலே, இல்லையென்றால் கொஞ்சம் முன்னால். பின்கதவுப் பக்கம் வைத்தால் முன்பக்கம் தூக்கும், வழுக்க ஆரம்பித்தால் அந்த எடையே ஊசல்குண்டு மாதிரி இன்னும் வீசும். கட்டாமலும் வைக்காதீர்கள், திடீரென்று பிரேக் பிடித்தால் உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் வந்து நிற்கும். அந்த மூட்டையின் எடையையும் ஏற்றும் எடையில் கழித்துக்கொள்ள வேண்டும், மறக்காதீர்கள்.

மூன்றாவது, பிரேக். இதை யாருமே பேசுவதில்லை. பழைய பிக்கப்புகளில் பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) நடுவில் ஒரு சின்னக் கம்பி போகும், அதன் முனையில் ஒரு வால்வு. லோடு ஏற ஏற பாடி கீழே இறங்கும், கம்பி அதை உணர்ந்து பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும். காலியாக இருந்தால் குறைக்கும். புது வண்டிகளில் இந்த வேலையை எலக்ட்ரானிக்ஸ் பார்த்துக்கொள்கிறது.

இங்கேதான் என் கதை. லோடு ஏற்றினால் பின்னால் அமுங்குகிறதே என்று லீஃப் கட்டில் கூடுதலாக ஒரு பட்டை போட்டேன். வண்டி நிமிர்ந்து நின்றது, எனக்கும் பெருமை. முதல் லோடு, இறக்கத்தில் பிரேக் பிடித்தேன். மூக்கு தரையைக் குத்துகிறது, பின்னாலிருந்து யாரோ தள்ளுகிற மாதிரி வண்டி போய்க்கொண்டே இருக்கிறது. பாடி இறங்காததால் வால்வு, இது காலி வண்டி என்றே நம்பியிருக்கிறது. பின் பிரேக் பாதிகூட வேலை செய்யவில்லை. பட்டை போட்ட மெக்கானிக்குக்கும் அது தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஸ்பிரிங் மாற்றினால், வண்டியை உயர்த்தினால், அந்தக் கம்பியை மறுபடி சரிசெய்தாக வேண்டும்.

நான்காவது, வழுக்க ஆரம்பித்தால் சட்டென்று பிரேக்கில் கால் வைக்காதீர்கள். ஐந்தாவது

சரி, மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

காலிகேன்:
அண்ணே, நன்றி. நான் கேட்டது மற்றவர்கள் வண்டி எப்படி என்றுதான். ஆனாலும் கதவுத் தூணைப் போய்ப் பார்த்தேன். ஸ்டிக்கர் இருக்கிறது. மூன்று வருடமாக அதன் மேல் கை வைத்துத்தான் ஏறி இறங்கியிருக்கிறேன்.

நாலுசக்கரம்:
பழையபட்டை அண்ணன் மூட்டை தூக்கச் சொல்கிறார். ஃபோர் வீல் டிரைவ் இருந்தால் போட்டுவிட்டுப் போகலாமே?

பழையபட்டை:
தார் ரோட்டிலா? தம்பி, உங்கள் வண்டி எந்த வகை என்று முதலில் பாருங்கள். பெரும்பாலான பிக்கப்புகளில் இருப்பது பார்ட் டைம் வகை. இரண்டு அச்சும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரன்ஷியல் என்ற கியர் நடுவில் கிடையாது, முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றியே ஆக வேண்டும். திருப்பத்தில் முன்சக்கரம் அதிக தூரம் போகிறது. சேற்றில் சக்கரம் சறுக்கிச் சமாளித்துக்கொள்ளும். பிடிப்புள்ள ரோட்டில் எங்கே சறுக்கும்? அந்த முறுக்கு முழுக்க கியருக்குள்ளேயே ஏறும். மிட்சுபிஷி டிரைடனில் சூப்பர் செலக்ட் என்ற ஃபோர் வீல் டிரைவ் உள்ள வகைகளில் நடு டிஃபரன்ஷியல் உண்டு, அதைத் தார் ரோட்டிலும் போடலாம். எல்லா வண்டியும் அப்படி இல்லை.

நாலுசக்கரம்:
ஓ. அப்படியென்றால் போன மாதம் பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தபோது வண்டி குதிரை மாதிரி எகிறி எகிறி நின்றது இதனால்தானா? டயர் ஏதோ கல்லில் ஏறிவிட்டது என்று மூன்று முறை இறங்கிக் குனிந்து பார்த்தேன். செக்யூரிட்டியும் கூடவே குனிந்து பார்த்தார். கல் இல்லை.

நாள் முழுக்க அதிலேயே ஓட்டியிருக்கிறேன்.

காயில்காரன்:
எல்லாரும் லீஃப் ஸ்பிரிங்கையே விதி மாதிரி பேசுகிறீர்கள். டொயோட்டா ஹைலக்ஸ் 1968-இல் வந்தது, இன்றும் பின்னால் லீஃப்தான், சரி. ஆனால் ராம் 1500 பிக்கப் 2009-ஆம் ஆண்டு மாடலிலேயே பின்னால் காயிலுக்கு, அதாவது சுருள் ஸ்பிரிங்குக்கு, மாறிவிட்டது. ஹோண்டா ரிட்ஜ்லைனில் தனி சேஸிஸே கிடையாது, கார் மாதிரி ஒரே கூடு, பின் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும். நான் ஓட்டுவது காயில் வண்டி. காலியாகப் பள்ளத்தில் இறங்கினால் பின்பக்கம் துள்ளாது. பின்சீட்டில் அப்பா தூங்குவார். இதுவரை எந்தப் பிக்கப்பிலும் அவர் தூங்கியதில்லை, திட்டிக்கொண்டேதான் வருவார்.

மண்லோடு:
அப்பா தூங்கட்டும். ஒரு டன் ஏற்றிவிட்டு வந்து சொல்லுங்கள்.

காயில்காரன்:
நான் ஏன் ஒரு டன் ஏற்ற வேண்டும்? எனக்குச் சைக்கிளும் கூடாரமும்தான். ஏற்றாத எடைக்காக வருடம் முழுக்க இடுப்பை உடைத்துக்கொள்வதா?

பின்கதவு:
தார்ப்பாய் அக்கா, மைலேஜ் கூடும் என்று வேண்டுமென்றே பின்கதவைத் திறந்து வைத்து ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான். மூடியிருந்தால் பாடிக்குள்ளேயே காற்று ஒரு சுழலாகச் சுற்றிக்கொண்டு நிற்கும், மேலே வரும் காற்று அதன் மேல் வழுக்கிப் போய்விடும். திறந்தால் அந்தச் சுழல் கலைந்துவிடும். லாபம் ஒன்றும் இல்லை. மூடாவிட்டால் பொருள்தான் போகும்.

என் கதை வேறு. டபுள் கேப், பின்னால் பெரிய டூல் பெட்டி, அதற்கும் பின்னால் தண்ணீர் டிரம். எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் ஏற்றலாம் என்ற எடைக்குள்தான் இருந்தது. அதில் நான் ரொம்பக் கறார். டபுள் கேப்பில் கேபின் நீளம் என்பதால் பாடி பின்னால் தள்ளிப் போய்விடுகிறது, பாதிப் பாடி அச்சுக்குப் பின்னால். அதை யோசிக்கவில்லை. கரடுமுரடான பாதையில் இரண்டு நாள்.

மூன்றாம் நாள் காலை, கேபினுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் ஒரு துணி சிக்கியிருந்தது. எடுக்கக் கையை விட்டேன். கீழே ஒரு விரல் நுழைகிறது. மேலே நான்கு விரலும் நுழைகின்றன. நின்றுகொண்டே இருந்தேன், மேலேயும் கீழேயும் மாற்றி மாற்றி விரலை விட்டுப் பார்த்துக்கொண்டு. சேஸிஸ் அச்சுக்கு மேலே வளைந்திருந்தது.

இப்போதெல்லாம் எந்தப் பிக்கப்பைப் பார்த்தாலும் அந்த இடைவெளிதான் முதலில் கண்ணில் படுகிறது. சிக்னலில் பக்கத்தில் நிற்கும் வண்டியைக்கூட விடுவதில்லை.

மின்வண்டி:
என்னுடையது எலக்ட்ரிக் பிக்கப். பேட்டரி முழுக்கத் தரையில், நாலு மோட்டார். காலியாக மழையில் ஓட்டினாலும் தண்டவாளத்தில் போகிற மாதிரி போகும். காலிகேன் கதை எனக்கு நடக்காது.

ஆனால் டிரெய்லர் கட்டினேன். உயரமான பெட்டி டிரெய்லர். போக முடியும் என்று காட்டிய தூரம் பாதியாகிவிட்டது. எடையை விடக் காற்றுத் தடைதான் தின்கிறது. சார்ஜ் போட நின்றால், கார் நிறுத்தும் அளவுக்குத்தான் இடம். டிரெய்லர் வழியை அடைக்கும். இருட்டில், மழையில், டிரெய்லரைக் கழற்றி ஓரமாக விட்டு, சார்ஜ் போட்டு, மறுபடி கொக்கியில் பொருத்தினேன். வண்டியின் பின்னால் உள்ள இரும்புக் குண்டு மேல் கொக்கி உட்கார்ந்ததா என்று கையால் தடவிப் பார்க்கிறேன், கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த 'டக்' சத்தத்துக்காக காதைக் கிட்டே வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரே இரவில் மூன்று முறை.

பழையபட்டை:
டிரெய்லர் என்றதும் ஞாபகம் வருகிறது. கொக்கியின் மேல் எடை, டிரெய்லர் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வருகிற மாதிரி சாமானை அடுக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு. எல்லாவற்றையும் பின்னால் அடுக்கினால் டிரெய்லர் ஆட ஆரம்பிக்கும், ஆரம்பித்தால்

மின்வண்டி:
அண்ணே, நாளைக்கு எழுதுங்கள்.

காலிகேன்:
நேற்று மறுபடி அதே ரவுண்டானா, அதே மழை. பின் டயர் காற்றை ஸ்டிக்கரில் காலி வண்டிக்குப் போட்டிருந்த அளவுக்குக் குறைத்திருந்தேன். முன்பு இருந்தது லோடு அளவையும் தாண்டி. மூட்டை ஒன்றும் வைக்கவில்லை. காலை மெதுவாக வைத்தேன், மண்லோடு சொன்னதற்காக அல்ல, பயத்தில். வழுக்கவில்லை.

கேன் இன்னும் பாடியில்தான் கிடக்கிறது, கட்டவில்லை. தார்ப்பாய் அக்கா திட்டுவார்கள். பக்கத் தகரத்தைத் தாண்டி வெளியே விழாத அளவு உயரம் இருக்கிறது, பின்கதவும் மூடித்தான் இருக்கிறது. உருண்டால் எனக்குச் சத்தம் கேட்கட்டும்.