ஐந்தெழுத்து, கடைசியில் 'வி': இப்படி ஒரு இங்கிலீஷ் வார்த்தை இருக்கா?

அரைகுறை அகராதி:
மகள் ஐந்தாம் வகுப்பு. லீவுக்கு ஒரு தாள் கொடுத்து அனுப்பியிருக்காங்க. மொத்தம் 26 கட்டம், கட்டத்துக்கு ஓர் ஆங்கில எழுத்து. அந்த எழுத்துல முடியுற, சரியா ஐந்தே எழுத்து உள்ள வார்த்தையை எழுதணும். ஊர் பேர், ஆள் பேர் கூடாது. கடைசியில ஒரு எஸ்ஸை ஒட்டிப் பன்மையாக்கி ஒப்பேத்தவும் கூடாது.

ஒய்க்கு 'ஹேப்பி', இ-க்கு 'ஹவுஸ்', ஆருக்கு 'வாட்டர்', சி-க்கு 'மியூசிக்'னு மளமளன்னு போயிட்டா. ஐ-க்குக் கொஞ்சம் முழிச்சு 'காக்கி', யு-க்கு 'ஹைக்கூ'. இசட்டுக்கு நான் 'வால்ட்ஸ்' எடுத்துக் கொடுத்துப் பெருமை அடிச்சுக்கிட்டேன்.

ஜே, கியூ, வி மூணுலதான் மாட்டிக்கிட்டோம். அதுலயும் வி கட்டம் இருக்கே! 'கர்வ்', 'க்ளவ்', 'நெர்வ்', 'சால்வ்'னு எழுதி எழுதி அழிச்சதுல தாளே மெலிஞ்சு போச்சு. காதுக்கு எல்லாமே வி-யிலதான் முடியுது. எழுதினா கடைசியில ஒரு இ வந்து உட்கார்ந்துக்குது. அப்படி வார்த்தையே கிடையாதா, இல்ல எங்களுக்குத்தான் தெரியலையா?

காலிக்கட்டம்:
எழுத்துக் கட்டைகளை அடுக்கி வார்த்தை சேர்க்கிற ஸ்க்ராபிள் ஆட்டம் ஆடுறவங்ககிட்ட கேட்டிருந்தா உடனே சொல்லியிருப்பாங்க. வி-க்கு 'ஷாவ்': எஸ்-சி-எச்-ஏ-வி. கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் ஒரு புளிப்புக் கீரையில வைக்கிற சூப். கியூவுக்கு 'உமியாக்': யு-எம்-ஐ-ஏ-கியூ. வடதுருவப் பக்கத்து இனுயிட் மக்களோட தோல் போர்த்திய படகு. வழக்கமா கே போட்டுத்தான் எழுதுவாங்க, ஆனா கியூ போட்டாலும் செல்லும்.

ஜே-க்குத்தான் எனக்குப் பிடிச்ச வார்த்தை: 'ஃபலஜ்', எஃப்-ஏ-எல்-ஏ-ஜே. ஓமான் நாட்டுப் பழைய பாசனக் கால்வாய். அதோட பன்மை 'அஃப்லாஜ்', ஏ-எஃப்-எல்-ஏ-ஜே. அதே ஐந்து எழுத்து, அதே ஜே. முதல் ரெண்டு எழுத்தும் இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான். அந்தக் கால்வாய்கள் 2006-ல யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்லயும் ஏறிடுச்சு.

மெய்ப்புத் தாத்தா:
தம்பி, முப்பது வருஷம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவன் நான். வார்த்தை கிடைத்துவிட்டது, சரி. உங்கள் மகள் அழித்து அழித்து எழுதிய அந்த இ-யைப் பற்றி யாரும் பேசவில்லையே!

பழைய ஆங்கில எழுத்தில் யு-வும் வி-யும் ஒரே எழுத்தின் இரண்டு வடிவங்கள். சொல்லின் தொடக்கத்தில் வி வடிவம், நடுவிலும் கடைசியிலும் யு வடிவம். 'லவ்' என்பதை எல்-ஓ-யு என்று எழுதி நிறுத்தினால் 'லூ' என்று படித்துவிடுவார்கள். பின்னால் ஓர் இ-யைப் போட்டால், முன்னால் நிற்பது மெய்யெழுத்து என்று புரியும். 17ஆம் நூற்றாண்டில் இரண்டும் தனித்தனி எழுத்தாகப் பிரிந்துவிட்டன. காவலுக்கு நிறுத்திய இ-யை மட்டும் யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை.

ஜே-யும் அப்படித்தான், ஐ-யிலிருந்து பிரிந்த எழுத்து. கடைசியில் அந்த ஒலி வேண்டுமென்றால் ஜி-யையும் இ-யையும் வைத்துச் சமாளிப்பார்கள். 'ஜட்ஜ்' என்ற சொல்லை உங்கள் மகளையே எழுதச் சொல்லுங்கள். ஜே-யு-டி-ஜி-இ. முதலிலும் கடைசியிலும் காதுக்கு ஒரே ஒலி. முதலில் அதற்கு ஓர் எழுத்து போதும், கடைசியில் மூன்று தேவைப்படுகிறது. சொல் முடிவில் ஐ வருவதும் அவர்களுக்குப் பிடிக்காது, ஒய் போட்டுவிடுவார்கள். 'காக்கி', 'ஹைக்கூ' இரண்டும் வெளியிலிருந்து போன சொற்கள் என்பதைக் கவனித்தீர்களா? ஃபலஜும் உமியாக்கும் ஷாவும் அதே கூட்டம்தான்.

இன்னொன்று. அந்த சி கட்டம் அவ்வளவு சுலபமாக நிரம்பியது நோவா வெப்ஸ்டர் போன்றவர்கள் புண்ணியத்தில். 1755-ல் வந்த சாமுவேல் ஜான்சன் அகராதியில் 'மியூசிக்' கடைசியில் ஒரு கே-யும் உண்டு. அன்றைக்கு என்றால் ஆறெழுத்து, கட்டத்தில் சேராது. 1828-ல் வந்த வெப்ஸ்டர் அகராதியில் அந்த கே இல்லை. 'பேனிக்'கோடு 'இங்' சேர்க்கும்போது மட்டும் பழைய கே இன்னும் எட்டிப் பார்க்கும்.

எக்செல் பைத்தியம்:
சொல் பட்டியல் ஃபைல் ஏதாவது இருந்தா எக்செல்ல போட்டு, நீளத்துக்கு 'லென்', கடைசி எழுத்துக்கு 'ரைட்'. ஃபில்டர் பண்ணினா முடிஞ்சுது. முதல்ல 'ட்ரிம்' போட்டுடுங்க. என் பட்டியல்ல ஒவ்வொரு வார்த்தை பின்னாடியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்பேஸ். ஐந்தெழுத்துல ஒண்ணு கூட வரலை, அரை நாள் போச்சு.

ஆறாவது வாய்ப்பு:
ஒளிச்சு வச்ச ஐந்தெழுத்து இங்கிலீஷ் வார்த்தையை ஆறு வாய்ப்புல கண்டுபிடிக்கிற ஆட்டம் வேர்டில். அதை ஆடுறவன் பார்வையில ஒண்ணு. அந்த விளையாட்டுக்கு முதல்ல வச்சிருந்த 2315 விடையில இ-யில முடியுறது 424, ஒய்-யில 364. ஜே, கியூ, வி மூணுக்கும் பூஜ்யம். வெறும் எஸ் பன்மையை விடையா வைக்காததால எஸ்ஸுக்கே 36தான்.

கடைசி எழுத்து தெரிஞ்சா ஜெயிச்சோம்னு நினைக்காதீங்க. எனக்கு ரெண்டாவது வரியிலேயே 'லைட்'டோட கடைசி நாலு எழுத்தும் (ஐ-ஜி-எச்-டி) பச்சையா விழுந்துச்சு, அதாவது நாலும் சரியான இடத்துல. லைட், நைட், ஃபைட், ரைட், மைட், சைட், டைட், எய்ட்னு இத்தனை பொருந்துது. ஒவ்வொண்ணா போட்டுப் பார்க்கிறதுக்குள்ள ஆறு வாய்ப்பும் காலி. 'ஃபிலிம்ஸ்'னு ஒண்ணு போட்டிருந்தா எஃப், எம், எஸ் மூணும் இருக்கா இல்லையான்னு ஒரே தடவையில தெரிஞ்சிருக்கும்.

அரைகுறை அகராதி:
எல்லாருக்கும் நன்றி. ஜே கட்டத்துல ஃபலஜ், அஃப்லாஜ் ரெண்டையும் எழுதியே தீருவேன்னு நின்னா. பொடி எழுத்துல நெருக்கி எழுதிட்டா. மெய்ப்புத் தாத்தா சொன்னதை வாசிச்சுட்டு, 'தமிழ்லயும் இப்படிக் கடைசியில வராத எழுத்து இருக்கா'ன்னு கேட்டா. எனக்குத் தெரியலை.

மெய்ப்புத் தாத்தா:
இருக்கிறதே! சொல்லின் கடைசியில் வருபவை 24 என்று நன்னூல் கணக்கே சொல்கிறது. உயிர் 12, மெய் 11, மிச்சம் ஒன்று குற்றியலுகரம். க், ச், ட், த், ப், ற் ஆறும் கடைசியில் நிற்காது, ங் கூடத்தான். அதனால்தான் நம் வாய் 'புக்'கைப் 'புக்கு' ஆக்குகிறது. அவர்கள் இ-யைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள், நாம் உகரத்தை.

அரைகுறை அகராதி:
அய்யய்யோ சார், பாட்டி 'புக்கு'ன்னு சொல்றப்பல்லாம் இவதான் திருத்துவா. இப்ப வாசிச்சுக் காட்டினதும் ஒரு மாதிரி பார்த்தா, ஒண்ணும் சொல்லலை. வி கட்டத்துல ஷாவ் எழுதியாச்சு. தாள் மெலிஞ்ச இடம்கிறதால பேனா மை பின்பக்கம் வரைக்கும் ஊறியிருக்கு.