டாம் டூலியும் லாரா ஃபாஸ்டரும்

கார்த்திக்: கல்லூரி விழாவில் பாட ஒரு பாட்டு எடுத்திருக்கிறேன். அமெரிக்காவின் மூவர் பாட்டுக்குழு கிங்ஸ்டன் டிரியோவின் 'டாம் டூலி'. கிதாரில் இரண்டே கார்டுகள், அதாவது சுரக்கூட்டுகள்தாம். பாடிப் பார்த்ததை அனுப்பியிருக்கிறேன். எல்லோரும் கேட்டுச் சொல்லுங்கள்.

சுதா சித்தி: கேட்டேன் கண்ணா. குரல் நன்றாக இழைகிறது. ஆனால் நாளை விடிந்தால் தூக்கில் தொங்கப் போகிறவனைப் பற்றிய பாட்டு அல்லவா இது? கைதட்டிப் பாடும்படி இருக்கிறதே.

பெரியப்பா: கொலைச்சிந்து வகைதான் சுதா. நடந்த கதை. 1866இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து வில்க்ஸ் கவுண்டியில் லாரா ஃபாஸ்டர் என்ற பெண் அப்பாவின் குதிரையில் ஏறிப் போனாள், திரும்பவில்லை. சில மாதங்கள் கழித்து, ஆழமில்லாத ஒரு குழியில் அவள் உடல் கிடைத்தது. டாம் டுலா என்பவனைப் பிடித்தார்கள், பாட்டில் வரும் டூலி அவன்தான். உள்நாட்டுப் போரில் தெற்குப் படையில் இருந்துவிட்டு வந்தவன். முன்னாள் கவர்னர் செபுலன் வான்ஸே அவனுக்காக வாதாடினார். மறுவிசாரணைகூட நடந்தது. ஆனாலும் 1868 மே 1ஆம் தேதி ஸ்டேட்ஸ்வில்லில் தூக்கில் போட்டுவிட்டார்கள்.

மீனா: பாட்டில் கிரேசன் என்று ஒருவர் வருகிறாரே பெரியப்பா? அவர்தான் போட்டிக் காதலரா?

பெரியப்பா: இல்லையம்மா. பாட்டுக்கு முன் பேசும் முன்னுரை அப்படி நினைக்க வைக்கிறது. கிரேசன் டென்னஸியில் நிலம் வைத்திருந்தவர். வேறு பெயரில் வந்த டுலா அவரிடம் சில நாள் வேலை பார்த்தான். பிறகு அவனைப் பிடிக்க அவர் உதவினார், அவ்வளவுதான். காதல் முக்கோணத்தில் இருந்த மூன்றாவது ஆள் ஆன் மெல்டன், மணமானவள், டுலாவின் காதலி. அவள் மீதும் வழக்கு இருந்தது. கொலையில் தனக்கு மட்டுமே பங்கு உண்டு என்று டுலா தூக்குக்கு முதல்நாள் இரவு எழுதிக்கொடுத்தான். அவள் விடுதலையானாள்.

சுதா சித்தி: கார்த்திக், நீ அனுப்பியதை இன்னொரு முறை கேட்டேன். மலையில் சந்தித்தேன், கத்தியால் குத்தினேன் என்கிறான். குத்தப்பட்டவளுக்குப் பெயரே இல்லை. வேறு யாரோ பாடிய வடிவங்களில் 'லாரா ஃபாஸ்டர்' என்று வருகிறது. இதில் அவனுக்காக மட்டும் எல்லோரும் சேர்ந்து அழச் சொல்கிறார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை.

கார்த்திக்: நான் அதைக் கவனிக்கவே இல்லை சித்தி.

பெரியப்பா: இன்னொரு பெயரும் விடுபட்டது. ஃபிராங்க் பிராஃபிட். அதே மலைப்பகுதியில் புகையிலை பயிரிட்டவர், பான்ஜோ என்ற நரம்பிசைக் கருவியைக் கையால் செய்தவர். அவருடைய பாட்டிக்கு டுலாவையும் லாராவையும் நேரிலேயே தெரியும். 1938இல் பாட்டுத் தேடி வந்த ஃபிராங்க் வார்னருக்கு இதைப் பாடிக் காட்டியவர் அவர்தான். வார்னரிடமிருந்து, நாட்டுப்புறப் பாட்டுகளைத் திரட்டிய ஆலன் லோமாக்ஸுக்குப் போய், 1947இல் புத்தகத்தில் அச்சாகி, 1958இல் இந்த மூன்று இளைஞர்களின் கைக்கு வந்தது. ஆல்பத்தில் ஒரு பாட்டாகக் கிடந்ததைச் சால்ட் லேக் சிட்டி வானொலியில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். பிறகுதான் தனி இசைத்தட்டாக வந்தது, நவம்பரில் முதலிடம். முதல் கிராமி விருது விழாவில் நாட்டுப்புற இசைக்குத் தனிப் பிரிவே இல்லாததால் 'கன்ட்ரி' பிரிவில் பரிசு கொடுத்தார்கள்.

மீனா: அவர்கள் பாடியிராவிட்டால் அந்தப் பள்ளத்தாக்கைத் தாண்டி யாருக்கு இது தெரிந்திருக்கும்? அந்த நன்றியையும் சொல்ல வேண்டும் அல்லவா? பின்னால் வந்த எத்தனையோ பேர் இதைக் கேட்டுத்தான் கிதாரைத் தொட்டார்கள்.

பெரியப்பா: சொல்ல வேண்டும்தான். அவர்கள் பாடியதில் எனக்குக் குறையில்லை. அந்தத் தாழ்ந்த குரல் தொடக்கம் இன்றும் மயிர்க்கூச்செறிய வைக்கிறது. ஆனால் பிராஃபிட் இதை முதலில் தொலைக்காட்சியில் பார்த்தார். தன் வீட்டுப் பாட்டை வேறு யாரோ பாடுவதைப் பார்த்துவிட்டு, வெளியே மலைமுகட்டுக்குப் போய் அழுததாகப் பின்னாளில் எழுதினார். வழக்குப் போட்டு, 1962இல்தான் லோமாக்ஸ், வார்னர், பிராஃபிட் மூவருக்கும் ராயல்டியில் பங்கு என்று உடன்பாடு ஆனது. விற்பனையின் உச்சம் அதற்கு முன்பே போய்விட்டது. 1965இல் பிராஃபிட் இறந்துவிட்டார்.

வள்ளி அத்தை: இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். கார்த்திக், பாட்டை மாற்றிவிடாதே. நல்ல பாட்டு.

கார்த்திக்: மாற்றவில்லை அத்தை. அந்த முன்னுரையை மட்டும் விட்டுவிடுகிறேன். கிரேசனைப் பற்றிச் சொல்வதற்குப் பதில் லாரா யார், இதைக் கொடுத்த பிராஃபிட் யார் என்று இரண்டு வரி தமிழில் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பெரியப்பா, எழுதி அனுப்பினால் சரிபார்த்துத் தருவீர்களா?

பெரியப்பா: இன்றிரவே அனுப்பு. பிராஃபிட் தானே பாடிய ஒலிப்பதிவு இருக்கிறது, அதையும் கேள். அதில் கைதட்டல் கிடையாது, பான்ஜோ மட்டும். அவர் பாடும் நிதானத்தைக் கவனி.

சுதா சித்தி: ஆமாம், நீ அனுப்பியதைவிடக் கொஞ்சம் மெதுவாகவே பாடு.