கர்லிங் கல்லுக்கு அந்த ஒரு தீவுதானா? நம்ம ஊர்ப் பாறை ஆகாதா?

குவாரி அண்ணாச்சி:
ஒலிம்பிக் இழையில் டொராண்டோ தம்பி நேற்று இப்படி எழுதியிருந்தார்: "கர்லிங் கல் செய்ய உலகத்திலேயே ஒரே ஒரு தீவின் பாறைதான் ஆகும். திருநெல்வேலி ஜல்லிக்கல் எல்லாம் அதன் பக்கத்தில் நிற்காது." முதல் வரியை விட்டுவிடலாம், இரண்டாவது வரி எதற்கு? குளிர்கால ஒலிம்பிக்கில், இத்தாலியின் கோர்ட்டினாவில், பனியில் கல் உருட்டுகிற கர்லிங் ஆட்டத்துப் பேச்சில் எங்கள் ஊரை ஏன் இழுக்க வேண்டும்? அப்பா காலத்திலிருந்து குவாரித் தொழிலில் இருக்கிறேன். நெல்லையப்பர் கோயில் மணி மண்டபத்துத் தூணைத் தட்டினால் ஸ்வரம் வருகிறது. கிருஷ்ணாபுரம் கோயில் சிலைகளில் கை நரம்பு தெரிகிறது. கல்லை இந்த அளவுக்கு வேலை வாங்கின சீமையில் 20 கிலோ உருண்டைக் கல்லுக்கு வழியில்லையாம். வாருங்கள், பேசுவோம்.

டொராண்டோ பேட்டைக்காரன்:
அண்ணாச்சி, கோபப்படாமல் கேளுங்கள். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் கடலுக்குள் எய்ல்சா கிரெய்க் என்று ஒரு தீவு இருக்கிறது. பழைய எரிமலையின் தொண்டையில் இறுகின பாறை அது. ஆள் குடியிருப்பு கிடையாது, கடற்பறவைகள்தான். வெடி வைக்கக்கூடாது. சில வருடங்களுக்கு ஒருமுறை போய், தளர்ந்து கிடக்கிற பாறையை அள்ளி வருவார்கள். 2013இல் அள்ளினார்கள், 2020இல் அள்ளினார்கள். மாக்லின் என்ற ஊரில் 'கேய்ஸ்' நிறுவனம் அதைக் கடைந்து கொடுக்கிறது. அங்கே இரண்டு வகைக் கல் எடுக்கிறார்கள். 'புளூ ஹோன்' தண்ணீரை உறிஞ்சாது, அதனால் பனியைத் தொடுகிற அடிப்பாகத்துக்கு அது. 'காமன் கிரீன்' இடி தாங்கும், அது உடம்புக்கு. ஒலிம்பிக்கில் நீங்கள் பார்க்கிற கல் இப்படி இரண்டும் சேர்ந்தது.

அப்புறம், உருட்டுவதில்லை. வழுக்க விடுவார்கள். உருண்டையும் இல்லை.

குவாரி அண்ணாச்சி:
உருண்டால் என்ன, வழுக்கினால் என்ன. கேட்டதற்குப் பதில் இல்லையே. வேறு கல் ஆகாதா? வேல்ஸ் நாட்டில் ட்ரெவர் என்று ஒரு குவாரி இருக்கிறது. அந்தக் கல்லில் கடைந்து உங்கள் கனடாவிலேயே ஆடுகிறார்கள். அது என்ன ஆட்டுக்கல்லா?

டொராண்டோ பேட்டைக்காரன்:
நான் சொன்னது ஒலிம்பிக் தரத்துக் கல்லை.

குவாரி அண்ணாச்சி:
"உலகத்திலேயே" என்று எழுதியிருக்கிறீர். ஒலிம்பிக் என்று எழுதவில்லை. மேலே அப்படியே இருக்கிறது, போய்ப் படித்துப் பாரும்.

சும்மா வந்தவன்:
முதலில் இது விளையாட்டா? ஒருத்தர் கல்லை விடுகிறார், இரண்டு பேர் முன்னால் தரையைப் பெருக்கிக்கொண்டே போகிறார்கள். எங்கள் வீட்டில் தினமும் காலையில் நடக்கிறது, யாரும் பதக்கம் தரவில்லை.

டொராண்டோ பேட்டைக்காரன்:
பெருக்கினால் பனியின் மேற்பரப்பு லேசாகச் சூடாகி உராய்வு குறையும். கல் கூடுதலாகச் சில மீட்டர் போகும், வளைவதும் குறையும். இங்கே கிளப்பில் ஒரு சுற்று பெருக்கிவிட்டு மூச்சு வாங்கி உட்கார்ந்தவன் நான். வந்து செய்து பாருங்கள், அப்புறம் பேசலாம்.

அம்பை டீச்சர்:
கல் விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கத்துப் பாறை பெரும்பாலும் நைஸ், சார்னோகைட் வகை. பரல், அதாவது கல்லுக்குள் இருக்கிற மணி, பெரிது, பல இடத்தில் பட்டை பட்டையாக ஓடும். எய்ல்சா பாறை பொடிப் பரல், நெருக்கமானது. கர்லிங் கல்லின் அடி முழுவதும் பனியில் படாது. உள்பக்கம் குழிவாக இருக்கும், வளையம் போன்ற ஒரு விளிம்பு மட்டும்தான் தொடும். அதன் அகலமே அரை சென்டிமீட்டர் அளவு. அந்த விளிம்பில் ஒரு பரல் பெயர்ந்தாலும் கல்லின் போக்கு மாறிவிடும். நுண்ணிய இடுக்கில் தண்ணீர் புகுந்து உறைந்தால் விரியும், கல் முகம் பொரிந்து போகும். குவாரி அண்ணாச்சி இதற்குப் பதில் சொல்லட்டும்.

குவாரி அண்ணாச்சி:
டீச்சர், மரியாதையாகவே கேட்கிறேன். நம் ஊர்க் கல்லை எடுத்து, கடைந்து, பனியில் விட்டுப் பார்த்தவர் யார்? ஒருத்தரும் இல்லை. பாளையங்கோட்டையில் மார்கழிப் பனி தவிர வேறு பனி ஏது? சோதிக்காமலே ஆகாது என்றால் எப்படி?

இன்னொன்று. எய்ல்சா கல்லில் குவார்ட்ஸ் என்ற கனிமம் கிடையாது, அதனால்தான் அது உடையாது என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கனடாவில் கனிமவியல் படித்தவர்களே உட்கார்ந்து பார்த்தபோது அதிலும் குவார்ட்ஸ் இருந்தது. பேட்டைத் தம்பி ஊர்க்காரர்கள்தான் கண்டுபிடித்தது. பேர் வாங்கின கல்லைப் பற்றி ஆளாளுக்குக் கதை கட்டுவது இப்படித்தான். ட்ரெவர் கல் என்ன ஆயிற்று என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

வள்ளியூர் பஸ்:
20 கிலோவுக்கு இவ்வளவு அலட்டலா? பணகுடி பக்கம் வடலிவிளையில் பொங்கலுக்கு வந்து பாருங்கள். 100 கிலோவுக்கு மேல் இருக்கிற இளவட்டக்கல்லைத் தோளில் ஏற்றிப் பின்னால் போடுகிறார்கள். பெண்களும் தூக்குகிறார்கள். அதை எந்த ஒலிம்பிக்கில் சேர்த்தார்கள்?

டொராண்டோ பேட்டைக்காரன்:
பஸ் அண்ணே, இங்கே யாரும் கல்லைத் தூக்கவில்லை. 38 மீட்டர் தள்ளி ஒரு வட்டம் இருக்கிறது, அதன் நடுவில் நிற்க வேண்டும். வழியில் எதிராளி கல் மறித்துக்கொண்டு நிற்கும், அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பலம் வேறு, இது வேறு.

வள்ளியூர் பஸ்:
பலம் இல்லாதவர்கள் சொல்கிற பேச்சு.

குவாரி அண்ணாச்சி:
பஸ் சொல்வது சரிதான். ஆனால் நான் கேட்டது அது இல்லை. வேறு கல் ஆகுமா, ஆகாதா?

தூத்துக்குடி உப்பு:
நெல்லைக்காரர்கள் சண்டைக்குள் வருவதற்கு மன்னிக்கவும். போன தீபாவளிக்கு இதே குவாரி அண்ணாச்சி, தாமிரபரணித் தண்ணீரில் கிண்டினால்தான் அது அல்வா, சென்னையில் எத்தனை கோதுமையை அரைத்துப் பால் எடுத்தாலும் வராது என்று பக்கம் பக்கமாக எழுதினார். தண்ணீருக்கு ஊர் உண்டு, கல்லுக்கு ஊர் கிடையாதா? ஸ்காட்லாந்துக்காரன் அவன் அல்வாவைப் பற்றிச் சொல்கிறான், அவ்வளவுதான்.

டொராண்டோ பேட்டைக்காரன்:
உப்பு அண்ணே, வாழ்க.

குவாரி அண்ணாச்சி:
வந்துவிட்டார்யா. அல்வா வாயில் கரைவது, கல் கரையுமா? அந்தத் தாமிரபரணித் தண்ணீரைத்தான் உங்கள் ஊரும் குடிக்கிறது. 1986 வரை நீங்களும் திருநெல்வேலி மாவட்டம்தான், மறந்துவிட்டதா? பிரிந்து போனவர்களுக்கு எங்கள் அல்வாவில் என்ன வேலை?

தூத்துக்குடி உப்பு:
பிரித்தது அரசாங்கம், நாங்கள் ஓடிப்போகவில்லை. அப்புறம், உங்கள் அல்வாவுக்கும் எங்கள் உப்பு ஒரு சிட்டிகை போடுவார்கள்.

சும்மா வந்தவன்:
அல்வாவுக்கு உப்பா? எந்த வீட்டில்?

நாகர்கோவில் காற்று:
மேலே கிருஷ்ணாபுரம், நெல்லையப்பர் கோயில் என்று பெருமை அடித்திருக்கிறார். இன்றைக்குச் சிலை வேண்டுமென்றால் நீங்கள் எல்லோரும் எங்கள் மயிலாடிக்குத்தானே வருகிறீர்கள்? அது குமரி மாவட்டம். கல் உங்களுடையது என்றே வைத்துக்கொண்டாலும் உளி எங்களுடையது.

குவாரி அண்ணாச்சி:
உளி யாருடையதாகவும் இருக்கட்டும். மயிலாடிக்காரரிடம் ஒரு பாறையைக் கொடுத்தால் 17.24இலிருந்து 19.96 கிலோவுக்குள், விதியில் சொன்ன எடைக்கு, கடைந்து கொடுப்பாரா மாட்டாரா? கொடுப்பார். அப்போது நான் சொன்னது சரி என்று ஆகிறது.

அம்பை டீச்சர்:
கடைவதில் சிக்கல் என்று யார் சொன்னார்கள்? நான் சொன்னது பரலையும் தண்ணீரையும். அதைத் தாண்டிக் குதித்துப் போகிறீர்கள்.

உண்மையில் கல்லே பெரிய விஷயமில்லை. கொரியாவில் உய்சோங் என்று ஒரு சின்ன ஊர், பூண்டுக்குப் பேர் போனது. அங்கே 2006இல் கர்லிங் அரங்கம் கட்டினார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பழகினார்கள். அந்தப் பெண்கள் 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கினார்கள். கனடாவையும் ஜப்பானையும் வென்றுவிட்டுத்தான் வாங்கினார்கள். நம் ஊரில் ஒரு அரங்கம் கட்டுவதைப் பற்றிப் பேசினால் அர்த்தம் உண்டு.

குவாரி அண்ணாச்சி:
நல்லது டீச்சர். அந்தப் பூண்டு ஊர்ப் பெண்கள் பழகின கல் எந்த ஊர்க் கல்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

அம்பை டீச்சர்:
கடவுளே.

டொராண்டோ பேட்டைக்காரன்:
கல் ஏன் வளைகிறது என்பதிலேயே இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. அடி விளிம்பு பனியில் கீறுகிற கீறல்தான் கல்லைத் திருப்புகிறது என்று 2013இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தார் எழுதினார்கள், கனடாவில் ஒப்புக்கொள்ளவில்லை. பனியும் கண்ணாடி போல இருக்காது. தண்ணீர் தெளித்துப் பொட்டுப் பொட்டாக உறைய வைப்பார்கள், அந்தப் பொட்டின் மேல்தான் கல் ஓடும். இவ்வளவு நுணுக்கமான இடத்தில் ஜல்லிக்கல்லைக் கொண்டுவந்து...

குவாரி அண்ணாச்சி:
மறுபடியும் ஜல்லிக்கல்! பாத்தியளா எல்லாரும்? நானும் தம்பி தம்பி என்று பேசிக்கொண்டிருக்கிறேன். பேட்டையில் உங்கள் வீட்டு அஸ்திவாரமே அந்த ஜல்லியில்தான் நிற்கிறது. கனடா போய் நாலு தடவை வழுக்கி விழுந்ததும் ஊர்க் கல் கசக்கிறதோ?

கல் ஏன் வளைகிறது என்றே இயற்பியல் படித்தவர்களுக்குத் தீர்மானமாகவில்லையாம். ஆனால் எந்தக் கல் வளையாது என்று மட்டும் இவருக்குத் தெரியுமாம்.

டொராண்டோ பேட்டைக்காரன்:
வீட்டைப் பற்றிப் பேச்சு வந்ததால் நானும் கேட்கிறேன். எங்கள் அம்மாவுக்கு அம்மி கொண்டுவந்து இறக்குகிறேன் என்று போன ஆடியில் சொன்னீர்கள். அடுத்த ஆடி வரப்போகிறது.

குவாரி அண்ணாச்சி:
பாதிப் பணம்தான் வந்தது. மீதி வந்தால் அம்மி வரும். பொதுவில் பேசுகிற விஷயமா இது?

டொராண்டோ பேட்டைக்காரன்:
முழுப் பணமும் அனுப்பியாகிவிட்டது. ரசீது இருக்கிறது, போடவா?

வள்ளியூர் பஸ்:
போடுங்க, போடுங்க.

தூத்துக்குடி உப்பு:
அந்த அம்மி எந்த ஊர்க் கல், அண்ணாச்சி?

குவாரி அண்ணாச்சி:
மேலூர்க் கல். மதுரை மாவட்டம். அதற்கென்ன இப்போது?

தூத்துக்குடி உப்பு:
ஒன்றுமில்லை. சும்மா கேட்டேன்.

நாகர்கோவில் காற்று:
😂😂

குவாரி அண்ணாச்சி:
சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அம்மிக்கு ஒரு கணக்கு, கர்லிங்குக்கு ஒரு கணக்கு. ரசீதையும் போடும், பார்க்கிறேன். அதற்கு முன்னால் ட்ரெவர் கல் ஆகுமா ஆகாதா என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போடும்வே.