இருட்டில் வைத்த குழாயிலும் நீலம் மறைகிறது: ஹில் வினைச் சோதனையில் பிழை எங்கே?

கேள்வி: மேல்நிலைப் பள்ளி உயிரியல் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். பதினோராம் வகுப்பில் ஒளிச்சேர்க்கைப் பாடம் நடத்தும்போது, ஒளி வினையைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவதோடு நிறுத்தாமல் கண்ணெதிரே நிகழ்த்திக் காட்ட வேண்டும் என்று எண்ணி, ஹில் வினைச் சோதனையை முன்கூட்டியே செய்து பார்த்தேன். இலையிலிருந்து பிரித்த பசுங்கணிகங்கள் (ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை நுண்ணுறுப்புகள்) ஒளி பட்டால் நீரின் எலக்ட்ரானை ஒரு சாயத்துக்குத் தருவதைக் காட்டும் சோதனை இது. பள்ளி வளாகத்து மரத்தில் பறித்த முருங்கைக்கீரை 20 கிராமை, பாஸ்பேட் தாங்கல் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்) சேர்த்துக் குளிரவைத்த 40 மில்லிலிட்டர் சர்க்கரைக் கரைசலில் (0.4 மோலார், பி.எச். 7) மிக்ஸியில் சில நொடிகள் அடித்து, எட்டு மடிப்பு மல்துணியில் வடிகட்டினேன். அந்தப் பச்சைச் சாற்றில் அரை மில்லிலிட்டரை, எலக்ட்ரானை ஏற்றால் நிறமிழக்கும் டி.சி.பி.ஐ.பி. என்னும் நீலச் சாயம் கலந்த தாங்கல் கரைசலில் சேர்த்தேன். ஒவ்வொரு குழாயிலும் மொத்தம் 5 மில்லிலிட்டர் இருந்தது. சாயத்தின் செறிவு 0.05 மில்லிமோலார்.

முதல் குழாயை விளக்கொளியில் வைத்தேன். இரண்டாவதை அலுமினியத் தாளால் சுற்றினேன். மூன்றாவதில் கொதிக்கவைத்து ஆறவைத்த சாற்றைச் சேர்த்து விளக்கொளியில் வைத்தேன். ஒளியில் வைத்த குழாய் மட்டுமே நிறமிழக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் ஒரு நிமிடத்திற்குள் மூன்றிலுமே நீலம் மறைந்து வெறும் பச்சை மட்டும் எஞ்சியது. தாளின் இடுக்கில் ஒளி கசிகிறதோ என்று ஐயுற்று, இரண்டு சுற்றுத் தாள் சுற்றி அலமாரிக்குள் பூட்டி வைத்தும் பார்த்தேன். அப்போதும் இதே முடிவுதான். மாணவர்கள் முன் இதைச் செய்து காட்டினால், ஒளிச்சேர்க்கைக்கு ஒளியே தேவையில்லை என்று நிறுவியதாக ஆகிவிடும். எங்கே தவறினேன்?

மறுமொழி: கல்லூரித் தாவரவியல் ஆசிரியர்

அம்மா, ஒளிக் கசிவைத் தேட வேண்டாம். நீங்கள் அதிகம் பொருட்படுத்தாத மூன்றாவது குழாயில்தான் விடை இருக்கிறது. கொதித்த சாற்றில் நொதி எதுவும் வேலை செய்யாது, ஒளி வினை நடக்கும் தைலக்காய்டு சவ்வுகளும் சிதைந்துவிடும். அதுவும் சாயத்தை வெளுக்கச் செய்கிறது என்றால், வெளுக்கச் செய்வது உயிர்வேதிப் பொறி எதுவும் அன்று. வெப்பத்தை ஓரளவு தாங்கக்கூடிய ஒரு சிறு மூலக்கூறு. இலைச்சாற்றில் அப்படிப்பட்ட ஒடுக்கும் (எலக்ட்ரானைத் தரும்) பொருள்களுள் முதன்மையானது அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி. நம் ஊரில் கிடைக்கும் கீரைகளிலேயே அது மிகுதியாக உள்ள ஒன்றை, தெரியாமல்தான், தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்.

முருங்கையில் ஃபீனாலிக் பொருள்களும் நிறைய உண்டு. சாறு சற்று நேரத்தில் பழுப்பேறியிருக்குமே? அப்படி ஆக்சிஜனேற்றம் அடைந்த ஃபீனால்கள் பசுங்கணிகப் புரதங்களோடு பிணைந்து அவற்றைச் செயலிழக்கச் செய்யும். ஆகவே கீரையை மாற்றுங்கள். பாலக் கீரை நன்றாக வேலை செய்யும். அதைவிட முக்கியம், வடிகட்டிய சாற்றை அப்படியே பயன்படுத்தாமல், பசுங்கணிகங்களை மையவிலக்கில் அடியில் படியவைத்து, மேலே நிற்கும் தெளிநீரைக் கொட்டிவிட்டு, புதிய குளிர்ந்த கரைசலில் ஒருமுறையாவது கழுவுவது. கரைந்திருக்கும் அஸ்கார்பிக் அமிலம் தெளிநீரோடு போய்விடும்.

மறுமொழி: வேதியியல் ஆசிரியர்

மேலே சொன்னதற்கு ஒரு கணக்கைச் சேர்க்கிறேன். உங்கள் குழாயில் உள்ள சாயம் 0.25 மைக்ரோமோல். அஸ்கார்பிக் அமில மூலக்கூறு ஒன்று இரண்டு எலக்ட்ரான்களைத் தரும், சாய மூலக்கூறு ஒன்று இரண்டு எலக்ட்ரான்களை ஏற்கும். ஆகவே ஒன்றுக்கு ஒன்று. அத்தனை சாயத்தையும் வெளுக்க 0.044 மில்லிகிராம் அஸ்கார்பிக் அமிலம் போதும். முருங்கைக்கீரையில் 100 கிராமுக்கு 100 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கும் என்பதால், உங்கள் 20 கிராமில் குறைந்தது 20 மில்லிகிராம் இருந்திருக்கும். அது 40 மில்லிலிட்டரில் கரைந்து, அதில் நீங்கள் எடுத்த அரை மில்லிலிட்டரில் ஏறத்தாழ கால் மில்லிகிராம் வரும். மிக்ஸியில் அடிக்கும்போது பாதி வீணாகியிருந்தாலும், தேவைக்கு இரண்டு மடங்குக்கு மேல் மிஞ்சும்.

எங்கள் ஆய்வகத்தில் எலுமிச்சைச் சாற்றின் வைட்டமின் சி அளவைத் தரம்பார்க்கப் பயன்படுத்துவதும் இதே சாயம்தான். நீங்கள் அறியாமலே அந்தச் சோதனையை வெற்றிகரமாகச் செய்து முடித்திருக்கிறீர்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. கணக்கைப் பார்த்ததும் தெளிவு பிறந்தது. ஆனால் ஒரு புதிய சங்கடமும் எழுந்தது. வைட்டமின் சி ஒளியின்றியே எலக்ட்ரானைக் கொடுத்துவிடுகிறது. பசுங்கணிகமோ ஒளி பட்டால்தான் கொடுக்கிறது. இரண்டிலும் சாயத்திற்கு நேர்வது ஒன்றே. அப்படியானால் ஒளி அங்கே செய்யும் வேலைதான் என்ன என்று ஒரு மாணவி கேட்டால், 'ஆற்றல் தருகிறது' என்பதற்கு மேல் என்ன சொல்வது?

மறுமொழி: கல்லூரித் தாவரவியல் ஆசிரியர்

எலக்ட்ரான் எங்கிருந்து வருகிறது என்பதுதான் வேறுபாடு. நடுநிலைப் பி.எச். அளவில் ஆக்சிஜனேற்ற ஒடுக்க மின்னழுத்தங்களை (எலக்ட்ரானை ஈர்க்கும் வலிமையின் அளவு) ஒப்பிட்டுப் பாருங்கள்: அஸ்கார்பிக் அமிலம் ஏறத்தாழ +0.06 வோல்ட், நம் சாயம் +0.22, நீரும் ஆக்சிஜனும் சேர்ந்த இணை +0.82. எலக்ட்ரான் தானாகப் பாய்வது குறைந்த எண்ணிலிருந்து கூடிய எண்ணை நோக்கியே. எனவே அஸ்கார்பிக் அமிலத்திலிருந்து சாயத்திற்குப் போவது பள்ளத்தில் இறங்குவது போன்றது, அதற்கு யாருடைய துணையும் வேண்டியதில்லை. நீரிலிருந்து சாயத்திற்குப் போவதோ 0.6 வோல்ட் மேட்டில் ஏறுவது. ஒரு குவளை நீரில் அந்தச் சாயத்தைக் கலந்து எத்தனை நாள் வைத்தாலும் நீர் அதற்கு ஓர் எலக்ட்ரானைக்கூடத் தராது. ஒளி செய்வது, தர மனமில்லாத நீரிடமிருந்து பறித்துத் தருவது.

பறிக்கும் விதம் இது. ஒளியைப் பிடிக்கும் புரதத் தொகுப்பான இரண்டாம் ஒளி அமைப்பின் மையத்தில் உள்ள பி680 என்னும் பச்சையம் ஒளித்துகளை ஏற்றுக் கிளர்ச்சியுற்று, தன் எலக்ட்ரான் ஒன்றை ஃபியோஃபைட்டின் வழியாகப் பிளாஸ்டோகுவினோன் என்னும் எலக்ட்ரான் கடத்திக்குத் தள்ளிவிடுகிறது. எலக்ட்ரானை இழந்து நிற்கும் பி680-இன் மின்னழுத்தம் ஏறத்தாழ +1.2 வோல்ட், உயிருலகில் அறியப்பட்டுள்ள மிக வலிமையான ஆக்சிஜனேற்றிகளுள் ஒன்று அது. அந்தப் பசிதான் நீரைப் பிளக்கிறது. ஆனால் பி680 நேரடியாக நீரைத் தொடுவதில்லை. இடையில் நான்கு மாங்கனீசு அணுக்களும் ஒரு கால்சியமும் ஐந்து ஆக்சிஜன்களும் கொண்ட ஒரு கொத்து இருக்கிறது. அதன் வடிவம் கோணிப்போன நாற்காலியை ஒத்தது என்பதை 2011-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 1.9 ஆங்ஸ்ட்ராம் நுண்மையில் படமெடுத்துக் காட்டினார்கள். இந்தக் கொத்து ஒவ்வோர் எலக்ட்ரானாக நான்கை இழந்து, நான்காவது போனதும் இரண்டு நீர் மூலக்கூறுகளிலிருந்து அந்தக் கடனை ஒரே மூச்சில் ஈடுசெய்துகொண்டு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறை வெளியே விடுகிறது.

இலைக்குள் அந்த எலக்ட்ரான் பிளாஸ்டோகுவினோன், சைட்டோகுரோம் தொகுப்பு, பிளாஸ்டோசயனின் எனக் கடந்து முதலாம் ஒளி அமைப்பை அடைந்து, அங்கே மீண்டும் ஒருமுறை ஒளியால் உயர்த்தப்பட்டு, −0.32 வோல்ட்டில் இருக்கும் என்.ஏ.டி.பி. என்னும் எலக்ட்ரான் ஏற்பிக்குப் போய்ச் சேரும். மொத்த ஏற்றம் 1.14 வோல்ட் என்பதால்தான் இரண்டு ஒளி அமைப்புகள் தேவைப்படுகின்றன. நம் குழாயில் சாயம் அந்தச் சங்கிலியிலிருந்து எலக்ட்ரானைப் பறித்துக்கொள்கிறது. அந்த மாணவிக்கு இந்த எண்களையே காட்டுங்கள். பதினோராம் வகுப்புக்கு இது மிகை என்று நான் நினைக்கவில்லை.

கேள்வி கேட்டவர்: நான்கு நாள்களுக்குப் பின்

பாலக் கீரையோடு மீண்டும் செய்தேன். இரத்தப் பரிசோதனை நிலையம் நடத்தும் உறவினரிடம் ஒரு சிறிய சென்ட்ரிஃபியூஜை இரவல் வாங்கி, பசுங்கணிகங்களைப் படியவைத்து இருமுறை கழுவினேன். இருட்டுக் குழாய் அரை மணி நேரம் கழித்தும் நீலமாகவே நின்றது, கொதிக்கவைத்ததும் அப்படியே. ஒளிக் குழாய் வெளுக்கத் தொடங்கியது, ஆனால் பாதி வழியில் நின்றுவிட்டது. 100 வாட் குண்டு பல்பைக் குழாயிலிருந்து ஒரு சாண் தொலைவுக்குள் வைத்திருந்தேன். ஒளி போதவில்லையோ என்று இன்னும் நெருக்கினேன், பயனில்லை. மேலும், நீர் பிளந்து ஆக்சிஜன் வெளிவர வேண்டுமே, ஒரு குமிழிகூடத் தென்படவில்லையே என்பதும் உறுத்துகிறது.

மறுமொழி: ஆய்வக உதவியாளர்

குண்டு பல்பு ஒளியைவிட வெப்பத்தையே அதிகம் தரும். குழாய்க்குள் வெப்பமானி வைத்துப் பார்த்தீர்களா? நாங்கள் பல்புக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு பெரிய பீக்கர் நிறையத் தண்ணீர் வைப்போம்; எல்.இ.டி. விளக்கு இருந்தால் இன்னும் நல்லது. கழுவிய பசுங்கணிகத்தையும் கடைசி வரை பனிக்கட்டியிலேயே வைத்திருங்கள். தயாரித்த ஓரிரு மணி நேரத்திற்குள் சோதனையை முடித்துவிட வேண்டும்.

மறுமொழி: கல்லூரித் தாவரவியல் ஆசிரியர்

உதவியாளர் சொன்னதே சரி. தொடங்கிப் பாதியில் நிற்பது வெப்பத்தால் விளையும் சேதத்தின் அடையாளம். ஒளி அமைப்பில் வெப்பத்திற்கு முதலில் பலியாவது அந்த மாங்கனீசுக் கொத்துதான்; 45 டிகிரியைத் தாண்டிச் சில நிமிடங்கள் நின்றால் மாங்கனீசு கழன்றுவிடும். பச்சை நிறம் மாறாது, பி680-உம் ஒளியை ஏற்கும். ஆனால் கொடுக்க வேண்டிய நீர்ப்பக்கம் அறுந்துவிட்டிருக்கும். நீங்கள் பல்பை நெருக்கியது நோயைக் கூட்டியது. தாங்கல் கரைசலில் 10 மில்லிமோலார் அளவுக்குச் சோடியம் குளோரைடு, அதாவது சாதாரண உப்பு, சேர்த்துக்கொள்ளுங்கள். நீரைப் பிளக்கும் அந்தக் கொத்துக்கு அருகில் குளோரைடு அயனிகள் தேவை.

மறுமொழி: வேதியியல் ஆசிரியர்

குமிழியைப் பற்றி: சாயம் முழுவதும் வெளுத்தாலும் அது ஏற்றுக்கொள்வது 0.5 மைக்ரோமோல் எலக்ட்ரான். நான்கு எலக்ட்ரானுக்கு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு என்ற கணக்கில் 0.125 மைக்ரோமோல் ஆக்சிஜன், ஏறத்தாழ 0.003 மில்லிலிட்டர். காற்றோடு தொடர்புள்ள 5 மில்லிலிட்டர் நீரில் ஏற்கெனவே கரைந்திருப்பதில் பத்தில் ஒரு பங்குதான் அது. வெளிவந்த சுவடே தெரியாமல் கரைந்துவிடும். கேம்பிரிட்ஜில் இராபர்ட் ஹில் 1930-களின் பிற்பகுதியில் இதைக் கண்டறிந்தபோது குமிழியை நம்பவில்லை; ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டால் நிறமாலை மாறும் தசைச் சிவப்புப் புரதத்தைக் கலந்து அளந்தார்.

கேள்வி கேட்டவர்

இன்று வகுப்பில் செய்து காட்டினேன். எல்.இ.டி. விளக்கு, உப்பு சேர்த்த தாங்கல், பனிக்கட்டிப் பெட்டி. ஒளிக் குழாய் ஏழு நிமிடத்தில் முழுமையாக வெளுத்தது; மற்ற இரண்டும் அசையவில்லை. முருங்கைச் சாற்றையும் நான்காவது குழாயாக வேண்டுமென்றே வைத்தேன்; மின்னழுத்த எண்களை விளக்க அதுவே மிகவும் பயன்பட்டது. இறுதியில் ஒரு மாணவன், 'இந்தக் குழாயில் சர்க்கரையும் உண்டாகியிருக்குமா?' என்று கேட்டான். கார்பன் டை ஆக்சைடு சேர்க்கவில்லை என்பதால் உண்டாகாது என்றேன். சரியான விடைதானா?

மறுமொழி: கல்லூரித் தாவரவியல் ஆசிரியர்

விடை சரி, காரணம் போதாது. காற்றிலிருந்து சிறிதளவு கார்பன் டை ஆக்சைடு கரைந்தே இருக்கும். நீங்கள் தாராளமாகச் சேர்த்திருந்தாலும் சர்க்கரை உண்டாகியிருக்காது. கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரையாக்கும் கால்வின் சுழற்சிக்கு வேண்டிய என்.ஏ.டி.பி.எச். (எலக்ட்ரானை ஏற்ற என்.ஏ.டி.பி.) உருவாகுமுன்பே எலக்ட்ரான்களைச் சாயம் பறித்துவிடுகிறது. அதோடு, மிக்ஸியில் அடித்தபோதே பெரும்பாலான பசுங்கணிகங்களின் உறை கிழிந்து, உள்ளிருந்த ஸ்ட்ரோமா என்னும் திரவம் கரைசலில் கலந்துவிட்டது. கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதி அதில்தான் இருந்தது. இருமுறை கழுவி, வைட்டமின் சி-யோடு சேர்த்துத் தொட்டியில் கொட்டிய தெளிநீரில் அதுவும் போய்விட்டது.