போனி எம்: அட்டையில நாலு பேர், பாடினது யார்?

கேசட்பெட்டி:
மாமா வச்சிருந்த எல்பி, கேசட் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டிருக்கேன். 70கள்ல வந்த டிஸ்கோ குழு போனி எம்ல வந்து மாட்டிக்கிட்டேன். அட்டையில மூணு பொண்ணுங்க, சட்டைக்குப் பட்டனே போடாத ஒரு ஆளு. அந்த ஆளு ரெக்கார்டுல பாடவே இல்லைங்கறாங்க. அப்போ 'டாடி கூல்'ல வர்ற கட்டைக் குரல் யாருது? 'பேபி டூ யூ வான்னா பம்ப்' 1975ன்னு ஒரு இடத்துல இருக்கு, ஆனா 1976 ஆல்பத்துலயும் அதே பாட்டு. 80கள்ல அட்டையில ஆளே வேற. 'பாடகர்'ங்கிற கட்டத்துல என்னதான் எழுத?

சும்மாதான்வந்தேன்:
போனி எம்ன்னு போட்டுட்டுப் போங்க பாஸ். கிறிஸ்துமஸுக்கு 'மேரிஸ் பாய் சைல்ட்' கேட்கிறவன் யாரும் இதெல்லாம் விசாரிக்கிறதில்ல.

முள்ளும்தட்டும்:
அப்படி விட முடியாது, கேட்டதே நல்ல கேள்வி. தம்பி, அட்டைப் படத்தை ஓரமா வச்சிட்டு காதை மட்டும் நம்புங்க.

முதல்ல ஃபிராங்க் ஃபேரியன். ஜெர்மன் தயாரிப்பாளர். 'பம்ப்' பாட்டுல அடித்தொண்டைக் குரல், மேல கீச்சுக் குரல் ரெண்டுமே அவர்தான். அப்போ குழுன்னு ஒண்ணு கிடையாது. ஒரு ஆஸ்திரேலிய டிவி துப்பறியும் தொடர்ல இருந்து 'போனி'யை எடுத்து, ஒரு 'எம்' சேர்த்து லேபிள்ல போட்டுட்டார். ஹாலந்து, பெல்ஜியம் பக்கம் பாட்டு ஓடிடுச்சு. டிவியில வந்து ஆட ஆள் வேணுமே! அதுக்காகத்தான் ஆள் பிடிச்சார். பாடகி லிஸ் மிச்செல் 1976லதான் வந்து சேர்றாங்க. அதே வருஷம் முதல் ஆல்பம் 'டேக் த ஹீட் ஆஃப் மீ' போடும்போது 'பம்ப்'பையும் உள்ளே சேர்த்துட்டாங்க. உங்களுக்கு ரெண்டு வருஷம் காட்டுறது அதனாலதான்.

ஸ்டுடியோவுல பாடினது லிஸ் மிச்செல், மார்சியா பாரெட், ஃபேரியன். 'டாடி கூல்' கட்டைக் குரலும் ஃபேரியன்தான். நீங்க சொன்ன பட்டன் போடாத ஆளு பாபி ஃபாரெலும், மெய்ஸி வில்லியம்ஸும் மேடைக்கு மட்டும்தான். இது நான் அளக்கிற கதை இல்ல. 1979ல வந்த 'ஓஷன்ஸ் ஆஃப் ஃபேன்டஸி' மாமா கிட்ட இருந்தா உறையைப் பாருங்க, யார் யார் குரல்னு முதல் தடவையா அதுலதான் அச்சடிச்சாங்க. நாலு முகம் இருக்கும், பாடினவங்க வரிசையில அதுல ரெண்டு பேர்தான்.

அதுக்காக பாபியைக் குறைச்சுப் பேசினா எனக்குக் கோபம் வரும். அந்த ஆட்டம் இல்லேன்னா, ஜார் காலத்து ரஷ்யச் சாமியார் ரஸ்புடினைப் பத்தின 'ரஸ்புடின்' பாட்டு பாதிதான். அந்தப் பாட்டு நடுவுல செய்தி வாசிக்கிற மாதிரி வர்ற பேச்சுக் குரல் இவங்க யாருமே இல்ல. பில் ஸ்விஷர்னு ஜெர்மனியில இருந்த அமெரிக்க ராணுவ வீரர். 1978 டிசம்பர்ல மாஸ்கோ போனாங்க, அங்க 'ரஸ்புடின்' மட்டும் பாடலை. பாபி 2010ல இறந்ததும் அந்தச் சாமியார் ரஸ்புடின் செத்த அதே செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல, அதே டிசம்பர் 30. கதை எழுதினா யாரும் நம்ப மாட்டாங்க.

80கள்ல நீங்க பார்க்கிற ஆளு ரெஜி சிபோ, 1982ல வந்தார். அவர் நிஜமாவே ரெக்கார்டுல பாடினவர்.

கேசட்பெட்டி:
'ஓஷன்ஸ்' இருக்குண்ணே, நீங்க சொன்ன மாதிரியே உறையில போட்டிருக்கு! அப்போ 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்', 'பிரவுன் கேர்ள்' லிஸ்தானே? 'பெல்ஃபாஸ்ட்'ல குரல் கொஞ்சம் கரடுமுரடா கேக்குது.

முள்ளும்தட்டும்:
காது சரியா இருக்கு. 'பெல்ஃபாஸ்ட்' மார்சியா. மத்த ரெண்டும் லிஸ். 'பாபிலோன்' ஜமைக்காவோட மெலோடியன்ஸ் குழுவோட பாட்டு, 1970. 'பிரவுன் கேர்ள்' பழைய சிறுவர் பாட்டு. லிஸ் அதை 1975லயே மால்கம்ஸ் லாக்ஸ் குழுவோட பதிவு பண்ணிட்டாங்க. ரெண்டும் ஒரே 45ஓட (பக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்கிற சின்ன இசைத்தட்டு) ரெண்டு பக்கம். பிரிட்டன்ல 1978ல 'பாபிலோன்' அஞ்சு வாரம் முதலிடம். அது இறங்கினதும் ரேடியோக்காரங்க தட்டைத் திருப்பிப் போட, அதே ரெக்கார்டு மறுபடி ரெண்டாவது இடம் வரைக்கும் ஏறுச்சு.

ஆல்பம் கலைஞர் கட்டத்துல 'போனி எம்' போடுங்க. பாடகர் கட்டத்துல பாட்டுக்குப் பாட்டு லிஸ், மார்சியா, ஃபேரியன், ரெஜின்னு பிரிச்சு எழுதுங்க. 'பம்ப்'புக்கு ஃபேரியன் மட்டும், வருஷம் 1975. 1988 'மெகாமிக்ஸ்' கிடைச்சா தனி ஃபோல்டர். அது பழைய பாட்டுகளை ஒட்டுப்போட்டது, இந்தக் கணக்குல சேராது.