பழைய பாமினி கோப்புகளை என்விடிஏ படிக்க மறுக்கிறது, வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஓய்வுபெற்ற வாத்தியார்:
வணக்கம். 2002, 2003-இல் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் அலைந்து, பாட்டிமார் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் கேசட்டில் பதிந்து வந்தேன். பிறகு நானே வேர்டில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்தேன். நாற்பது கோப்புக்கு மேல் இருக்கும். அப்போது கண் நன்றாக இருந்தது. கிளாக்கோமாவில் பார்வை முழுதும் போய் இப்போது ஆறு வருடம் ஆகிறது.

விண்டோஸ் 7 கணினி, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருள் 2023.3, அதில் ஈஸ்பீக் தமிழ்க் குரல். செய்தி, மின்னஞ்சல் எல்லாம் ஒழுங்காகத்தான் வாசிக்கிறது. இந்தக் கோப்புகளைத் திறந்தால் மட்டும் ஆங்கிலத்தில் என்னவோ உளறுகிறது. காணிக்கைப் பக்கத்தின் முதல் சொல் 'அம்மா'. அடித்தவன் நான், மறக்குமா? ஒவ்வொரு எழுத்தாக நகர்த்திக் கேட்டால் 'எம், கே, செமிகோலன், கே, எச்' என்கிறது. பேரன் எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாத்தானே இருக்கு தாத்தா" என்கிறான். கெட்டுப்போனது கோப்பா, என்விடிஏயா?

திண்ணைவாசி:
பாமினி எழுத்துருவை மறுபடி நிறுவிப் பாருங்கள் சார். எனக்கும் இப்படித்தான் கன்னாபின்னாவென்று வந்தது, நிறுவியதும் சரியாகிவிட்டது.

பழைய டிடிபிக்காரன்:
திண்ணைவாசி, அது கண்ணால் படிப்பவருக்கான வைத்தியம். ஐயாவுக்கு உதவாது.

ஐயா, இரண்டுமே கெடவில்லை. பாமினியில் தமிழ் எழுத்துக்குத் தனி எண் கிடையாது. ஆங்கில 'எம்' இருக்கும் இடத்தில் 'அ'வின் படத்தை வரைந்து வைத்திருப்பார்கள், செமிகோலன் இடத்தில் மேல்புள்ளி. பார்ப்பவருக்கு 'அம்மா', கோப்புக்குள் இருப்பதோ ஆங்கில எழுத்துகள். என்விடிஏ உள்ளே இருப்பதைத்தான் படிக்கிறது. பேரன் பார்ப்பது வெறும் வேஷத்தை.

பதினைந்து வருடம் இதே பாமினியில் கல்யாணப் பத்திரிகை அடித்தவன் நான். பார்வையில்லாத ஒருவர் இதை எப்படிப் படிப்பார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. தமிழக அரசு அலுவலகங்களுக்கு யூனிகோடு, அதாவது தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் உள்ள முறை, என்று 2010-இலேயே ஆணை வந்துவிட்டது. அச்சகங்களில் இன்னும் பழையதுதான் ஓடுகிறது.

யூனிகோடுக்கு மாற்றினால் தீர்ந்தது. நீங்களே தேடி-மாற்று போட்டுச் செய்ய முயல வேண்டாம். பாமினியில் கொம்பை முதலில் அடிப்போம், யூனிகோடிலோ மெய்யெழுத்துக்கு அப்புறம்தான் வரவேண்டும். 'கொ'வில் தொடங்கி எல்லாம் சிக்கலாகும். என்ஹெச்எம் கன்வெர்ட்டர், பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் இந்த வரிசையைத் தாமே திருப்பிவிடும்.

செவிவழி:
நானும் பார்வையற்றவன்தான் சார். முதலில் கோப்புக்குள் நின்று இன்சர்ட்டோடு எஃப் அழுத்துங்கள், எழுத்துருவின் பெயரைச் சொல்லும். பாமினி என்றால் சரி. வானவில், டாம், டாப் என்று வேறு பழைய எழுத்துரு ஏதாவது சொன்னால் மாற்றியிலும் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அப்புறம் கண்ட்ரோல் ஏ, கண்ட்ரோல் சி, மாற்றியின் பெட்டியில் ஒட்டுங்கள். வந்ததை எடுத்து நோட்பேடில் வையுங்கள். இங்கேதான் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன்: விண்டோஸ் 7 நோட்பேடு சும்மா விட்டால் தமிழுக்கு இடமில்லாத ஆன்சி என்ற பழைய முறையில் சேமிக்கும், தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். சேவ் அஸ் பெட்டியில் டேப் விசையால் என்கோடிங் வரை போய் யூடிஎஃப்-8 ஆக்குங்கள். மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

முடிந்தால் விண்டோஸையும் மாற்றப் பாருங்கள். 2024.1 முதல் என்விடிஏ விண்டோஸ் 7-இல் ஏறாது. உங்களிடம் இருக்கும் 2023.3 வரிசைதான் அதற்குக் கடைசி. விண்டோஸ் 10-இல் வள்ளுவர் என்ற தமிழ்க் குரலும் கிடைக்கும். ஒப்பாரியை ஈஸ்பீக் குரலில் கேட்பது பாவம் சார்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
கணினி மாற்றுவது பென்ஷனைப் பார்த்துத்தான். ஆனால் ஐந்து கோப்பு மாற்றிவிட்டேன்! 'அம்மா' என்று சொன்னது. காணிக்கைப் பக்கத்தையே மூன்று முறை ஓடவிட்டேன்.

ஒரு சந்தேகம். ஒவ்வொரு பாட்டின் தலையிலும் 'வுயிந 3', 'வுயிந 7' என்று ஒரு சொல் வருகிறது. வட்டார வழக்கோ என்று நினைத்தேன். பாடிய ஊர்க்காரர் ஒருவரிடம் போனில் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை.

பழைய டிடிபிக்காரன்:
ஐயா, மன்னிக்கணும், சிரித்துவிட்டேன். அது 'டேப்', கேசட் எண்ணைக் குறிக்க நீங்கள் ஆங்கிலத்தில் அடித்த சொல். மாற்றிக்கு ஆங்கிலம் எது, பாமினி எது என்று தெரியாது, எல்லாவற்றையும் தமிழாக்கிவிடும். 'வுயிந' வரும் இடத்தில் எல்லாம் 'டேப்' என்று தேடி-மாற்று போடுங்கள். இதற்கு அது தாராளமாகப் போதும். வேறு ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் இப்படித்தான் சிதைந்திருக்கும், எழுதி அனுப்புங்கள், சொல்கிறேன்.

டேப் 3, டேப் 7 எல்லாம் பத்திரமாக இருக்கிறதா?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
அடடா! டேப்பேதான். அந்த ஊர்க்காரரிடம் இனி எந்த முகத்தோடு பேசுவேன்?

கேசட்டெல்லாம் பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. போட்டுக் கேட்கத்தான் ரெக்கார்டர் இல்லை.

திண்ணைவாசி:
என்னிடம் ஒன்று இருக்கிறது சார். பெல்ட் மட்டும் போயிருக்கிறது. போட்டுவிட்டுச் சொல்கிறேன்.